கஞ்சி ஊற்றிய வீட்டார்

மார்த்தாண்டத்துக்கும் இரணியலுக்கும் நடுவே ஒரு சின்ன கிறிஸ்தவ சபையில் ஞானையன் கோயில் காரியம் பார்க்கும் டீக்கனாராக இருந்தார். சந்தைகளுக்குக் கருப்பட்டி ஏற்றிப் போவது தொழில். வாயைத் திறந்தால் சட்டமாகத்தான் வெளியே வரும். பிள்ளைகள் கிடையாது. மனைவி நேசபாயிடம் நாலு வார்த்தை பேசினால் மணியனிடம் நாற்பது பேசுவார். மணியன் அவருடைய நாய்; ஊர்ப் பேச்சில் பட்டி. ஒருநாள் சந்தையிலிருந்து வண்டிக்கு அடியிலேயே ஓடிவந்தது, அப்படியே தங்கிவிட்டது.

1931இல் அறுப்பின் பண்டிகைக்கு வந்த வெள்ளைக்கார மிஷனரி ஐயர் கோயில் முற்றத்து மணலில் நாய் அசிங்கத்தை மிதித்துவிட்டார். பூட்சைக் கழற்றி வைத்துவிட்டு வெறுங்காலோடு பிரசங்கம் செய்தார். சபைக்கே மானம் போயிற்று. அடுத்த கமிட்டியில் ஞானையன் எழுந்தார். நாய் அசுத்தம் செய்தால் உடையவரே தம் கையால் அள்ள வேண்டும், கூலிக்கு ஆள் வைக்கக் கூடாது என்றார்.

"எனக்க பட்டி இல்லேன்னு எல்லாவனும் கைய விரிப்பான். அதுக்குக் கஞ்சி ஊத்துதவனாக்கும் உடையவன். அப்படி எழுதும்" என்று, சபையை நடத்திவந்த உபதேசியாரிடம் சொன்னார். எல்லோரும் கை தூக்கினார்கள்.

மறுநாள் முதல் ஊரில் ஒரு வீட்டிலும் நாய்க்குக் கஞ்சி இல்லை. பசித்த நாய்களெல்லாம் ராகேல் வீட்டு முன்னால் போய் நின்றன. ராகேல் நெல் குத்திப் பிழைத்த விதவை. பசித்து நிற்கிற எதையும் விரட்டத் தெரியாதவள். ஆக, சட்டப்படி பாதி ஊர் நாய்களுக்கு அவளே சொந்தக்காரி. ஞாயிறுதோறும் கோயில் மணி அடிக்குமுன் தேங்காய்ச் சிரட்டையோடு வந்து அள்ளுவாள்.

ஞானையன் மட்டும் கதவைச் சாத்திக்கொண்டு அடுக்களையில் வைத்து மணியனுக்கு ஊற்றினார். தான் போட்ட சட்டத்துக்குத் தானே ஒளிவதில் அவருக்கு வெட்கம்தான். டீக்கனார் கையில் சிரட்டை ஏறுவதை நினைத்தால் அதைவிட வெட்கமாக இருந்தது.

ஒரு திருவிருந்து ஞாயிறு. மணியன் அவர் பின்னாலேயே வந்து, முற்றத்தில் நின்ற சபை முழுவதும் பார்த்திருக்க, கோயில் படிக்கு முன்னால் காரியத்தை முடித்தது.

"இது ஆருக்க பட்டி?" என்று கேட்டார் உபதேசியார். அவருக்குத் தெரியாமல் இல்லை.

மணியன் நேராகப் போய் ஞானையனின் வேட்டியில் மூக்கை உரசியது.

"எனக்க பட்டி இல்ல. நான் கஞ்சி ஊத்தல்ல" என்றார் ஞானையன்.

நேசபாய் தலையைக் குனிந்துகொண்டாள். ராகேல்தான் முன்னால் வந்தாள்.

"ஆருக்கும் வேண்டாம்னா எனக்க பட்டியா இருக்கட்டு" என்று சொல்லி அள்ளினாள். பிறகு, "வா மக்கா" என்று கூப்பிட்டாள். மணியன் ஞானையனைப் பார்த்தது. அவர் கோயிலுக்குள் போய்விட்டார். அன்று திருவிருந்து அப்பத்தையும் வாங்கிச் சாப்பிட்டார்.

மணியனைத் திருப்பிக் கேட்டிருந்தால் ராகேல் தந்திருப்பாள். ஆனால் கேட்பதென்றால், பொய் சொல்லிவிட்டுத் திருவிருந்து எடுத்ததைச் சபை நடுவே ஒப்புக்கொள்ள வேண்டும். அதற்கு அவருக்குத் துணிவு வரவில்லை. அவளுடைய வீட்டு வழியே வண்டி போகும்போதெல்லாம் மணியன் எழுந்து வாலாட்டும். அவர் மாட்டைத் தட்டி ஓட்டுவார். போகப் போக அது படுத்தபடியே வாலாட்டியது. அப்புறம் அதுவும் இல்லை. வீட்டில் பேச ஆளில்லாமல் ஞானையன் இளைத்துப் போனார்.

மழைக்காலத்து ஞாயிறு ஒன்றில் மணியன் எப்படியோ அவர் வீட்டுக்கு வந்தது. கருப்பட்டி அடுக்கிவைக்கும் சாய்ப்பைச் சுற்றிச் சுற்றி முகர்ந்தது. முற்றத்து நடுவில் அசுத்தமும் செய்தது.

"ராகேலுக்க பட்டியில்லியா, அவள வரச் சொல்லட்டா? சட்டம் நீங்க போட்டதுதானே" என்றாள் நேசபாய். அவள் மனதில் இருந்த கோபம் குரலில் தெரிந்தது.

"வேண்டாம்" என்றார் அவர். சிரட்டையை எடுத்துக் குனிந்து, மெதுவாக, மண்ணோடு சேர்த்து அள்ளினார். கை கூசவில்லை. கோயிலுக்குப் போகிறவர்கள் வேலிக்கு வெளியே நின்றுவிட்டார்கள்.

"என்ன டீக்கனாரே, ஆருக்க பட்டி?" என்றார் உபதேசியார்.

ஞானையன் சிரட்டையோடு நிமிர்ந்தார்.

"எனக்க பட்டியாக்கும். அண்ணைக்கும் எனக்க பட்டிதான்" என்றார்.

திரும்பிப் பார்த்தால் மணியன் அங்கே இல்லை. ராகேல் கஞ்சிக்குக் கூப்பிடும் குரல் கேட்டு எப்போதோ ஓடிவிட்டிருந்தது.