இரண்டு மருந்து

என் கணவருக்குக் கல்பாக்கத்தில் ஓர் அலுவலகத்தில் கொள்முதல் பிரிவில் வேலை. மூன்று இடத்தில் விலை கேட்காமல் வீட்டுக்கு ஒரு துடைப்பம்கூட வாங்க மாட்டார். அப்படிப்பட்டவரிடம் போய், நீச்சல் குளத்துக்குக் குளோரின் போட எந்த முறை நல்லது என்று முடிவெடுக்கச் சொன்னால் என்ன ஆகும்? கோடை விடுமுறை வந்துவிட்டது, குளம் காய்ந்து கிடந்தது.

அந்தக் குளத்தை நாங்கள் ஆசைப்பட்டுக் கட்டவில்லை. மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கடலுக்கு நடந்தே போகிற தூரத்தில் இந்த வீட்டை வாங்கியபோது பின்பக்கத்தில் அதுவும் சேர்ந்து வந்தது. மண்ணைக் கொட்டி மூடிவிட்டு முருங்கை வைக்கலாம் என்றேன். மகள்தான் விடவில்லை.

அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே வீசிங். இன்ஹேலர் இல்லாமல் தெருமுனைக்குக்கூட அனுப்ப மாட்டேன். எங்கள் வீட்டில் இன்ஹேலர் என்று யாரும் சொல்வதில்லை. 'மருந்து' என்றால் அதுதான். நீச்சல் நல்லது என்று டாக்டர் சொன்னதால் மறைமலைநகர் பக்கம் கூரை போட்ட ஒரு குளத்தில் பயிற்சிக்குச் சேர்த்திருந்தோம். உள்ளே நுழைந்தாலே கண் எரியும். ஒருநாள் தண்ணீரிலிருந்து ஏறியவளுக்கு மூச்சு அடைத்துக்கொண்டது. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் அவள் உதடு நிறம் மாறியதைப் பார்த்தேன். அன்றோடு நீச்சலுக்கு முழுக்குப் போட்டேன்.

அவள் என்னோடு பேசுவதை நிறுத்தினாள். "நீந்தும்போதுதாம்மா நெஞ்சு லேசா இருக்கு" என்று கடைசியில் டாக்டர் முன்னால் வைத்துச் சொன்னாள். திறந்தவெளிக் குளமாக இருந்து, குளோரினும் அளவோடு இருந்தால் நீந்தட்டுமே என்றார் அவர். சொல்லிவிட்டு அவர் அடுத்த நோயாளியைக் கூப்பிட்டுவிட்டார். அந்த 'அளவோடு' என் தலையில் வந்து விழுந்தது. குறைந்தால் தண்ணீரில் கிருமி, கூடினால் பிள்ளைக்கு இழுப்பு.

குளம் அமைத்துத் தரும் கம்பெனியிலிருந்து ஒருவர் வந்தார். மாத்திரை போடலாம், கேனில் வரும் திரவத்தை ஊற்றலாம், இல்லையென்றால் உப்பு மெஷின் என்றார். "சால்ட் சிஸ்டம் போட்டீங்கன்னா குளோரினே கிடையாது மேடம். நேச்சுரல்." என் கணவர் முகம் மலர்ந்துவிட்டது. எனக்குச் சுருக்கென்றது.

"அப்போ கிருமியை எது கொல்லும்? உப்பா?"

அவர் தலையைச் சொறிந்தார். "மெஷின் உப்புலேர்ந்து குளோரினை எடுத்து விடும் மேடம். கொஞ்சம் கொஞ்சமா."

"அதை முதல்லயே சொல்றதுக்கு என்னவாம்?"

என் தம்பிக்குத் திருக்கழுக்குன்றம் பக்கத்தில் நெல் வயல், கூடவே ஒரு லோடு வண்டி. எங்கள் வீட்டில் எது நடந்தாலும் அவன் இல்லாமல் நடக்காது. அவனுக்கு மெஷின் கதை சிரிப்பாக இருந்தது. "இன்னாக்கா நீ, போர்ல வர்றதே உப்புத் தண்ணி. எதுர கடலு கீது. இதுல மாமா வேற உப்பு வாங்கினு வந்து கொட்டப் போறாரா? பேசாம கேன் வாங்கி ஊத்துங்க."

கணவர் மூன்றாவது கம்பெனியின் விலைக்குக் காத்திருந்தார். மகள் தினமும் காலையில் காலிக் குளத்தின் விளிம்பில் போய் உட்கார்ந்தாள். எனக்குப் பொறுக்கவில்லை. முடிவாகிற வரைக்கும் கேனே இருக்கட்டும் என்று லாரித் தண்ணீரை விட்டு நிரப்பினோம். நீலக் கேனில் திரவக் குளோரின், வெள்ளைக் கேனில் ஆசிட். தண்ணீரின் காரத்தன்மை ஏறினால் ஆசிட் ஊற்றி இறக்க வேண்டுமாம். இரண்டுக்கும் எங்கள் வாயில் ஒரே பெயர்தான், மருந்து. "மருந்து போட்டாச்சா?" "இல்ல, சாயந்திரம் போடணும்." இப்படியே பேசிப் பழகினோம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை தம்பி உதவிக்கு வந்திருந்தான். நான் பின்பக்கம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். மகள் நீச்சல் உடையோடு விளிம்பில் உட்கார்ந்து, எப்போது இறங்கலாம் என்று காத்திருந்தாள். "ரெண்டு மருந்தும் ஊத்தணும் மச்சான், ஆரம்பி, நான் குளிச்சிட்டு வந்துர்றேன்" என்று கணவர் உள்ளேயிருந்து குரல் கொடுத்தார்.

வயலில் பூச்சிக்கு ஒரு மருந்து, நோய்க்கு ஒரு மருந்து என்று இரண்டு வாங்கினால், தம்பி இரண்டையும் ஒரே டேங்கில் கலந்து ஒரே நடையில் அடித்துவிட்டு வருவான். ஊரில் எல்லோரும் அப்படித்தான். இங்கேயும் ஒரு பக்கெட்டை எடுத்தான். வெள்ளைக் கேனைச் சாய்த்தான். அதன் மேலேயே நீலக் கேனையும் சாய்த்தான்.

சோடா பொங்குவதுபோல் சத்தம் கேட்டுத் திரும்பினேன். பக்கெட்டிலிருந்து மஞ்சளும் பச்சையுமாகக் குளோரின் புகை எழும்பிக்கொண்டிருந்தது. தம்பி பின்னால் விழுந்து இருமினான். துண்டோடு ஓடிவந்த கணவர், "வீட்டுக்குள்ள ஓடுங்க!" என்று கத்தினார்.

ஓடத்தான் போனேன். கொடியில் நான் போட்ட சட்டைகள் எல்லாம் வீட்டுப் பக்கமாகப் பறந்துகொண்டிருந்தன. கடல் காற்று. புகையும் அங்கேதான் போகிறது. மகளின் கையைப் பிடித்து எதிர்ப்பக்கம், கடலைப் பார்த்த கேட்டுக்கு இழுத்துக்கொண்டு ஓடினேன். "இந்தப் பக்கம் வாங்க, இந்தப் பக்கம்!" என்று நான் போட்ட கூச்சலில் இருவரும் பின்னாலேயே வந்தார்கள்.

கேட்டருகே மகள் குனிந்துவிட்டாள். நெஞ்சில் கை வைத்துக்கொண்டு, "அப்பா, மருந்து" என்றாள்.

அவர் திரும்பி அந்த இரண்டு கேன்களைப் பார்த்தார்.

ஒரு கணம்தான். ஆனால் அதற்குள் என் உயிர் போய்த் திரும்பியது. "அவ மருந்துங்க! அவளோட மருந்து!" என்று அலறினேன். மருந்து வீட்டுக்குள், புகைக்கு அந்தப் பக்கம் இருந்தது. ஈரத்துண்டை முகத்தில் சுற்றிக்கொண்டு, தெரு வழியாகச் சுற்றி வாசற்பக்கமாக நுழைந்து எடுத்துவந்தார். உறிஞ்சிய பிறகும் அவளுக்கு இழுத்துக்கொண்டே இருந்தது. தம்பியின் வண்டியில்தான் ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஆக்ஸிஜன் வைத்தார்கள். சாயங்காலம் கண்ணைத் திறந்து பசிக்கிறது என்றாள்.

தம்பி ஆஸ்பத்திரி வாசலில் தலையில் அடித்துக்கொண்டு அழுதான். "பயிருக்கு அடிக்கிற மாரி நெனச்சுட்டேன்கா." அவன்மேல் வந்த கோபத்துக்கு அவனை அடித்தே இருப்பேன். அவனும் இருமிக்கொண்டுதான் இருந்தான். ஒரு டம்ளர் தண்ணீர் வாங்கிக் கொடுத்தேன்.

மூன்றாவது விலை வேண்டாம் என்று கணவரிடம் சொன்னேன். உப்பு மெஷின்தான். குளோரின் கிடையாது என்ற கதையை நம்பி இல்லை. குழாயிலேயே உண்டாகி, தண்ணீரிலேயே கரைந்து போகும் குளோரினை யாரும் கையால் ஊற்ற வேண்டாமே, அதற்காக. கடல் காற்றில் மெஷின் துருப்பிடிக்குமே என்றார். "பிடிக்கட்டும்" என்றேன். ஆசிட் மட்டும் அதற்கும் வேண்டுமாம். அது வேலியோரம் பூட்டிய பெட்டிக்குப் போனது. அதை ஆசிட் என்றுதான் சொல்ல வேண்டும், இந்த வீட்டில் மருந்து என்றால் ஒன்றுதான் என்று கணவருக்கும் தம்பிக்கும் சட்டம் போட்டேன்.

மெஷின் ஓடத் தொடங்கி, தண்ணீரைச் சோதித்த பிறகு அவள் இறங்கினாள். நாங்கள் ஆளுக்கொரு பக்கம் நின்றோம். தம்பி கொடித் துணியைப் பார்த்துக் காற்று எந்தப் பக்கம் என்று கவனித்துக்கொண்டிருந்தான். அவள் மறுகரை போய், திரும்பி வந்து, விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தோள் ஏறி ஏறி இறங்கியது. கணவர் இன்ஹேலரோடு அதற்குள் பாதித் தூரம் ஓடிவிட்டிருந்தார்.

அவள் கையை உயர்த்தினாள். "மருந்து வேணாம்ப்பா. சும்மா மூச்சு வாங்குது. நீந்தினா எல்லாருக்கும் வாங்கும்ல?"

கேட்டுவிட்டு மறுபடி தண்ணீரை உதைத்துக்கொண்டு போனாள். அந்த 'எல்லாருக்கும்' என்ற சொல்லைத் தாங்க முடியாமல், கொடியில் கிடந்த ஈரப் புடவைக்குப் பின்னால் போய் நின்று அழுதேன்.