பிரஸ் ஷாப் ஏகாம்பரத்தின் ரத்தம் எங்கே போனது?

ஒரகடத்தில் கார் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியின் மருத்துவ அறையில் பத்தொன்பது வருடம் நர்ஸாக இருந்தேன். நசுங்கிய விரலுக்குக் கட்டு, கண்ணில் விழுந்த இரும்புத் துகள், தலைவலி மாத்திரை, இவைதான் தினசரி வேலை. ரத்தச்சோகை என்றால் எனக்குக் கொஞ்சம் அலட்சியம். யார் வந்தாலும் அதே இரும்புச்சத்து மாத்திரை. அந்தத் திமிர் ஏகாம்பரத்திடம்தான் அடங்கியது.

அவர் இரும்புத் தகட்டை அழுத்தி வடிவமாக்கும் பிரஸ் ஷாப்பில் ஆபரேட்டர், வாலாஜாபாத்காரர், வயது நாற்பத்தெட்டு. வருடாந்திர மெடிக்கலில் ஹீமோகுளோபின் ஒன்பது. ஆண்களுக்குக் குறைந்தது பதிமூன்று வேண்டும்.

"சிஸ்டர், ஃபிட்னு போட்டுருவீங்கள்ல? மிஷின்லருந்து எறக்கிட்டா மானம் பூடும்."

"மொதல்ல மாத்திரை சாப்புடுங்க. வெளிக்கி கருப்பா போவும், மாத்திரையாலதான். பயப்படாதீங்க."

மூன்று மாதத்தில் பதிமூன்றைத் தொட்டது. எனக்கு ஒரே பெருமை. மாத்திரையை நிறுத்தச் சொல்லிவிட்டேன்.

இரண்டு மாதம் கழித்து, டீ பிரேக் முடிந்து லைனுக்குத் திரும்பும் வழியில் மயங்கி விழுந்தார். நல்லவேளை, மிஷினில் கை வைத்திருக்கவில்லை. ரத்தம் எடுத்துப் பார்த்தால் எட்டு!

மாத்திரையால் ஏறிய ரத்தம் எங்கே போய்த் தொலைகிறது? பெண்கள் என்றால் மாதவிலக்கைப் பற்றிக் கேட்போம். இவருக்கு மூலம் இல்லை, அடிபடவில்லை, கறி மீன் எல்லாம் சாப்பிடுகிற மனுஷன். மண்டை குடைந்தது. ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே வந்தேன்.

"வெளிக்கி எப்டிப் போவுது?"

"கருப்பாத்தான் கீது சிஸ்டர்."

"இப்பவுமா? மாத்திரைய நிறுத்தி ரெண்டு மாசம் ஆச்சே!"

"நீங்கதான பயப்படாதீங்கன்னு சொன்னீங்க?"

வயிற்றுக்குள் ரத்தம் கசிந்தாலும் மலம் கருப்பாகும். படித்தவள்தானே நான்! கசிவை மறைக்க நானே அவருக்கு ஒரு காரணம் சொல்லிக் கொடுத்திருந்தேன்.

அன்றே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். எண்டோஸ்கோப்பியில் இரைப்பையில் ஒரு கட்டி. புற்றுநோய். பரவவில்லை, ஆபரேஷன் செய்யலாம் என்று சொன்ன பிறகுதான் எனக்குச் சோறு இறங்கியது.

வாரம் இரண்டு நாள் கம்பெனிக்கு வரும் டாக்டரம்மாவை நான் விடவில்லை. "மேடம், கேன்சரால இரும்பு கொறைஞ்சுதா, இரும்பு கொறைஞ்சதால கேன்சர் வந்துதா?"

"கட்டி கசிஞ்சா இரும்பு கொறையும், அது நிச்சயம். மத்த பக்கத்தையும் ஆராயறாங்க. நோய எதிர்க்கிற செல்லுக்கும் இரும்பு வேணும், செல்லுக்குள்ள வர்ற பழுத சரிபண்ணவும் வேணும். ரொம்ப நாள் அது பத்தலன்னா கேன்சருக்கு வழி விடுமோன்னு ஒரு சந்தேகம். இன்னும் முடிவாகல சிஸ்டர்."

எந்தப் பக்கம் பார்த்தாலும், ரத்தச்சோகையைச் சும்மா விடக் கூடாது என்பது எனக்கு உறைத்தது. எண் ஏறினால் போதாது, ஏன் இறங்கியது என்று தெரிய வேண்டும். சோகை வந்த எல்லாருக்கும் புற்றுநோய் இல்லை. ஆனால் எல்லாரையும் கேட்டாக வேண்டும்.

ஏழு மாதம் கழித்து ஏகாம்பரம் வேலைக்குத் திரும்பினார். ஆள் பாதியாகியிருந்தார், ஸ்டோர்ஸில் லேசான வேலை. வந்த வாரமே பேக்கிங் செக்ஷன் பெண் ஒருத்தியைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்து என் எதிரே உட்கார வைத்தார்.

"இந்தப் பொண்ணுக்கு ரத்தம் கம்மியாம். மாத்திரைய அப்பால குடுக்கலாம் சிஸ்டர். மொதல்ல ரத்தம் எங்க போவுதுன்னு கேளுங்க."

பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டேன்.