முதலில் யார் கூப்பிடுவது

எண்பதுகளில் ஒரு நாள். காலையில் வலியசாலை வீட்டில் மனைவியோடு சண்டை. அவளே முதலில் பேசட்டும் என்று விறைப்பாக ஆபீசுக்குக் கிளம்பிவிட்டேன்.

அன்றுதான் டெலிபோன் கம்பி வழியே, சாலை கடைத்தெருவிலிருந்த எங்கள் கிளையின் கணினிக்கு முதன்முதலாகக் கோப்பு அனுப்ப வேண்டும். கம்பி சரி, இரண்டு பக்க மோடமும் சரி. ஆனாலும் மதியம்வரை ஒரு எழுத்துகூடப் போகவில்லை. இன்னொரு டெலிபோனில் கிளையிலிருந்த மலையாளச் சேச்சியைப் பிடித்தேன்.

“உங்க மோடம் ஸ்விட்ச் எதிலே இருக்கு சேச்சி?”

“ஆன்ஸரிலே. சார் ஹெட் ஆபீஸல்லே, சார் ஆத்யம் விளிக்கட்டும்னு வச்சேன்.”

“நீங்க சீனியராச்சே, நீங்களே முதல்லே கூப்பிடட்டும்னு நானும் ஆன்ஸர்லேதான் வச்சிருக்கேன்!”

“கொள்ளாம், நல்லா இருக்கு! ரெண்டு பேரும் காது கொடுத்து இருந்தா, யாரு சாரே விளிக்கிறது?”

ஒன்று அழைக்க வேண்டும், மற்றது பதில் சொல்ல வேண்டும். அந்த இயந்திரங்களின் முதல் ஒப்பந்தமே அதுதான். நான் ஸ்விட்சை அழைக்கும் பக்கம் மாற்றினேன். என் மோடம் கீச்சிட்டது. அங்கிருந்து பதில் கீச்சு வந்தது. திரையில் எழுத்துகள் மழையாய் இறங்குவதாகச் சேச்சி கூவினார்.

சாயங்காலம் செருப்பைக் கழற்றுமுன்பே, “காபி இருக்கா?” என்றேன்.

“இதைக் கேக்க இத்தனை நேரமா?” என்றாள் மனைவி. “டிகாக்‌ஷன் எப்பவோ இறங்கியாச்சு.”