புரொசஸரை நிறுத்துவதற்கு முன்

சுனாமிக் கடல் என் மனைவியைக் கொண்டுபோய் நாலு வருசத்துக்கு மேலாகியிருந்தது. கல்முனையில் ஒரு புடைவைக் கடையின் மேல்மாடியில் எனக்கு வேலை. வெளிநாட்டுக் கம்பெனி ஒன்றுக்காக, கணினி இயங்குதளத்தின் அடித்தளமான கேர்னலில் பிழை திருத்துவோம். கூட இருந்தவர் பாண்டிருப்பைச் சேர்ந்த ஒரு பெண்; என்னை அண்ணன் முறையில் 'காக்கா' என்பார். அவருடைய தம்பி வன்னியில் யுத்தத்துக்குள் அகப்பட்டிருந்தான். மாதக்கணக்கில் தகவல் இல்லை.

யுத்தம் முடிந்ததாக ரேடியோ சொன்ன நாளிலும் அவர் வந்தார். ரோட்டில் பட்டாசு வெடித்தது.

"வீட்ட போங்க தங்கச்சி," என்றேன்.

"போய் என்ன செய்யிற காக்கா? அம்மா அழுதுகொண்டிருக்கா. மெசின் திரும்பவும் நிண்டுட்டுதா?"

"ஓம்."

பல புரொசஸர்களோடு ஓடும் கணினியில் ஒன்றை மட்டும் நிறுத்தும்போது எல்லாம் உறைந்துபோகும். அதுதான் பிழை. நிறுத்தும் பணி, ஒரு நேரத்தில் ஒன்று மட்டுமே பிடிக்கக்கூடிய ஒரு பூட்டைப் பிடித்துக்கொண்டு, பின்னணி வேலை முடியட்டும் என்று காத்திருந்தது. அந்த வேலைக்கோ, முடிவதற்கு அதே பூட்டு வேண்டும். இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நின்றன.

"காத்திருக்கிறதுக்கு நேரக்கட்டுப்பாடு வைப்பம்," என்றேன்.

"வேணாம். பிழை ஒளியும், போகாது." அவர் திரையைவிட்டுக் கண் எடுக்கவில்லை. "முதல்ல புது வேலை வாறத நிப்பாட்டுவம். இருக்கிறது முடியட்டும். அதுக்குப் பிறகு பூட்ட எடுப்பம்."

குரலில் ஏற்ற இறக்கமே இல்லை. அந்தக் குரல் எனக்குப் பழக்கம். கரையொதுங்கிய உடல்களிடையே எங்கள் மையித்துகளை அடையாளம் காட்டிய நாட்களில் நானும் அப்படித்தான் கதைத்தேன்.

அவர் சொன்னபடியே எழுதினோம். புரொசஸரை ஆயிரக்கணக்கான தடவை நிறுத்தி, திரும்ப இயக்கிப் பார்த்தோம். மூன்று நாள் மெசின் நிற்கவில்லை. திருத்தத்தை அனுப்பினோம். நன்றி என்று ஒரு வரி வந்தது. சந்தோசமென்று எதுவும் தோன்றவில்லை. அடுத்த பிழையைத் திறந்தோம்.

சில கிழமைகளின் பின், வவுனியா முகாமொன்றில் தம்பி இருப்பதாக ஆள் மூலம் தகவல் வந்தது. ஒரு கால் இல்லை.

"உயிரோட இருக்கான்," என்றார் அவர்.

"அல்ஹம்துலில்லாஹ்," என்று இறைவனைப் புகழ்ந்தேன்.

அவர் தலையாட்டினார். இரண்டு நாள் லீவு கேட்டு எழுதிய கடிதத்தை என் மேசையில் வைத்துவிட்டு வவுனியா பஸ்ஸுக்கு இறங்கினார்.