ஐந்தாவதாக எழுதிய ஆஸ்பத்திரி

போன இரண்டு வாரமும் இந்தப் பக்கத்தில் மழையைப் பற்றியும் மெட்ராஸ் கப்பல் தாமதத்தைப் பற்றியும் எழுதியிருந்தேன். படித்திருப்பீர்கள். உண்மையில் எழுத நினைத்தது வேறு. எழுதினால் அது கெட்டதாக முடிந்துவிடுமோ என்று பயம்... பேனாவை அந்தப் பக்கமே விடவில்லை. நேற்றுதான் கொஞ்சம் தைரியம் வந்தது. அதுவும் அரைத் தைரியம்.

கருப்பையாவைப் பற்றித்தான் சொல்கிறேன்.

என் டீக்கடை எங்கள் தீவில், பாம்பூஃப்ளாட் படகு ஜெட்டியில் இருக்கிறது, தெரியும். காடு வெட்டிக் குடியேறிய உள்கிராமங்களிலிருந்து திங்கள், வியாழன் இரண்டு நாள் லாரி வரும். வருகிறவர்கள் ஒரு டீ குடித்துவிட்டு, போட் ஏறி அக்கரையில் சாத்தம் ஜெட்டியில் இறங்கி, டவுனுக்குப் போவார்கள். ஒரே ஒரு வேலைக்காக யாரும் போவதில்லை. முழுசாக ஒரு பகல் போய்விடுமே! நாலைந்து வேலை சேரும்வரை பொறுத்திருந்து மொத்தமாகக் கிளம்புவார்கள். மறந்துவிடாமல் இருக்க ஒரு பட்டியல். எழுதத் தெரியாதவர்களுக்கு நான்தான் எழுதிக் கொடுப்பேன். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். ஆனாலும் ஜெட்டியில் அதுவே பெரிய படிப்பு.

மூன்று வாரம் முன்பு, ஒரு திங்கட்கிழமை. கருப்பையா லாரியிலிருந்து இறங்கி நொண்டிக்கொண்டே வந்தார். ராமநாதபுரம் பக்கத்து ஆள். சர்க்கார் கொடுத்த காட்டைத் திருத்தி நெல் போட்டிருக்கிறார். வழக்கமாக அவர் பேச ஆரம்பித்தால் போட்டே காத்திருக்க வேண்டும். அன்று பல்லைக் கடித்தமாதிரி பேசினார். சிகரெட் அட்டையைக் கிழித்து எழுத உட்கார்ந்தேன்.

உர டிப்போவில் யூரியா. தாசில் ஆபீஸில் நிலப் பேப்பருக்கு ஒரு கையெழுத்து. மச்சான் வருகிற கப்பல் என்றைக்கு என்று விசாரிப்பது. லாந்தருக்கு சிம்னி.

“அப்புறம்... ஆஸ்பத்திரியும் போட்டுக்கங்கண்ணே. நேரமிருந்தாப் பாத்துக்கிருவோம்.”

ஐந்து - ஆஸ்பத்திரி. எழுதினேன். இந்தக் கையால்தான் எழுதினேன்.

என்ன காயம் என்று கேட்டேன். வரப்பு வெட்டும்போது மண்வெட்டி பாதத்தில் இறங்கிவிட்டதாம். எட்டு நாளாகிறதாம். மண்ணெண்ணெயை ஊற்றி, புகையிலையை அப்பி, துணியால் கட்டிக்கொண்டு மறுநாளே சேற்றில் இறங்கிவிட்டார். நடுவில் வியாழக்கிழமை லாரி வந்ததே, ஏறியிருக்கலாமே?

“ஒத்தக் காலுக்காக ஒரு நாளை விடவா? நாத்து முத்திப்போச்சுண்ணே.”

பன்னை நீட்டினேன். வேண்டாம் என்றார். டீயை ஓரத்திலிருந்து உறிஞ்சினார். பாதி தாடையில் வழிந்தது. வாய் சரியாகத் திறக்கவில்லை, வெற்றிலைக்குச் சுண்ணாம்பு ஜாஸ்தியாகிவிட்டது போல என்றார். முகம் சிரிக்கிற மாதிரி இருந்தது. ஆனால் அவர் சிரிக்கவில்லை.

காடு வெட்டிய காலத்தில் ஒருவர் இப்படிப் போய்ச் சேர்ந்ததைப் பார்த்திருக்கிறேன். அவருக்கும் முதலில் வாய்தான் பூட்டிக்கொண்டது.

உடனே கத்தியிருக்க வேண்டும் இல்லையா? கத்தவில்லை. ஏன் தெரியுமா? போன வருஷம் ஒருவருக்கு விக்கல் நிற்கவில்லை என்று நான் பதறி, போட்டை நிறுத்தி, ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். பாதிக் கடலிலேயே விக்கல் நின்றுவிட்டது! ஒரு மாசம் ஜெட்டியே சிரித்தது. பயந்தவன் என்று ஒருமுறை பெயர் வாங்கிவிட்டால், பயப்பட வேண்டிய நேரத்தில் பயப்படக்கூட வெட்கமாக இருக்கிறது.

போட் ஹாரன் அடித்தது. கருப்பையா இழுத்து இழுத்து நடந்து ஏறினார். பலகையை எடுக்கப் போகிறார்கள்... கொதிக்கிற பாலை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன். பக்கத்து மளிகைக் கடை காசிம் பாய் கூப்பிட்டுக் கேட்டார்: “இன்னைக்கு யாருக்கு விக்கலு?”

போட்டில் கருப்பையாவோடு சண்டை. முதலில் ஆஸ்பத்திரி என்கிறேன் நான். அவர் சட்டைப்பையிலிருந்த அட்டையைத் தொட்டுக் காட்டுகிறார்.

“டிப்போவ பன்னெண்டு மணிக்குப் பூட்டிருவான். ஆஸ்பத்திரி எங்கிட்டு ஓடிப்போகுது?”

“ஆஸ்பத்திரி ஓடாது கருப்பையா. நீ...”

அட்டையைப் பிடுங்கி, யூரியா என் பொறுப்பு என்று சத்தியம் செய்தேன். அதற்குப் பிறகுதான் சம்மதித்தார். சாத்தமில் இறங்கும்போது அவர் கழுத்து விறைத்துவிட்டது. ஜீப்காரர் ஒருவர் எங்களை ஏற்றிக்கொண்டு போய் ஆஸ்பத்திரியில் விட்டார்.

டாக்டர் கட்டை அவிழ்த்துப் பார்த்து, “கப் லகா?” என்றார், எப்போது பட்டது என்று. எட்டு நாள் என்று என் அரைகுறை ஹிந்தியில் சொன்னேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டு டெட்டனஸ் என்றார், நாம் ரணஜன்னி என்போமே, அது. அன்றைக்கே வந்திருந்தால் சோப்புப் போட்டுக் கழுவி, ஓர் ஊசி போட்டு, அனுப்பிவைத்திருப்பாராம். இனி ஒவ்வொரு நாளையும் பார்த்துத்தான் சொல்ல முடியுமாம்.

இருட்டறையில் படுக்க வைத்தார்கள். வெளிச்சம் கூடாது, சத்தம் கூடாது. யாரோ ஒரு வாளியைத் தரையில் வைத்த சத்தத்துக்கு அந்த உடம்பு வில்லாக வளைந்ததைப் பார்த்தேன். அதற்குப் பிறகு மூன்று நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஜன்னலைச் சாத்திவிட்டு வந்த மலையாள நர்ஸ் என் கையைப் பார்த்தாள்.

“அண்ணா, அந்த விரல்ல எந்தா?”

பால் டின் மூடி கிழித்தது. டீத்தூளை வைத்து அழுத்தித் துணி சுற்றியிருந்தேன். இரண்டு நாளாகிறது, சின்னக் காயம்தான் என்றேன். எல்லாரும் இதையேதான் சொல்கிறார்கள் என்று சொல்லி, அந்தத் துணியைத் தூக்கி எறிந்து, கழுவிக் கட்டி, ஊசி போட்டு அனுப்பினாள். அடுத்தவர் விக்கலுக்கே பயப்படுகிற நான், சொந்த விரலுக்குப் பயப்படவில்லை. என்ன சொல்வது?

யோசித்துப் பார்த்தால், நாம் சோம்பேறிகள் இல்லை. மாட்டுக் குளம்பில் முள் ஏறினால் அன்றைக்கே ஓடுகிறவர்கள்தான். மாடு படுத்தால் உழவு நின்றுவிடும் என்று தெரிகிறது. நாம் படுத்தால் நிற்காதா? டிப்போ பூட்டும், ஆபீசர் எழுந்து போவார், கப்பல் கிளம்பிவிடும். ஆஸ்பத்திரி மட்டும் எப்போதும் திறந்திருக்கிறது. அதனாலேயே கடைசியில் வைக்கிறோம். காயம் மட்டும் லாரி நாள் பார்த்து வளர்வதில்லையே! மண்ணெண்ணெய் லாந்தருக்கு, புகையிலை வெற்றிலைக்கு, டீத்தூள் என் கடைக்கு. காயத்துக்குச் சோப்பும் தண்ணீரும். அப்புறம் கிடைக்கிற முதல் லாரி.

இப்போது பட்டியல் எழுதக் கேட்டு யார் வந்தாலும் முதலில் கை காலைக் காட்டச் சொல்கிறேன். சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். காசிம் பாய் மட்டும் சிரிப்பதில்லை, தினமும் மாலையில், “இன்னைக்கு எப்படி இருக்காரு?” என்று மெதுவாகக் கேட்கிறார்.

நேற்று போயிருந்தேன். வாய் ஒரு விரல் அகலத்துக்குத் திறந்திருக்கிறது. கரண்டியால் கஞ்சி இறங்குகிறது. இன்னும் நம்பிவிடாதே என்றுதான் டாக்டர் சொல்கிறார். நானும் நம்பவில்லை... ஆனால் கிட்டே குனிந்தபோது கருப்பையா பேசினார். மூன்று வாரத்தில் முதல் பேச்சு.

“யூரியா... வாங்கிட்டீகளாண்ணே?”

வாங்கிவிட்டேன், கருப்பையா. ஊசி போட்டுக்கொண்ட பிறகுதான்!