புடிச்சுக்குவாங்க

போன வாரம் எங்கள் அடுக்குமாடிக்குத் தண்ணீர் லாரி வந்தது. வாட்ச்மேன் கீழே நின்று, “தண்ணி வந்துடுச்சு” என்று குரல் கொடுத்தார். நான் தோசை ஊற்றிக்கொண்டிருந்தேன். அடுப்பை அணைத்துவிட்டு க்ளவுஸ் தேடினேன். சமையலறையில் க்ளவுஸ் தேடுகிற அம்மாவைப் பார்த்து என் மகன் சிரித்தான். நானும் சிரித்துவைத்தேன்.

லாரித் தண்ணீரில் ப்ளீச்சிங் பவுடர் வாசனை அடிக்கும். உங்களுக்கு அது குழாய்த் தண்ணீர் வாசனையாக இருக்கும். எனக்குப் பிரசவ வார்டு வாசனை.

பன்னிரண்டு வருஷம் இருக்கும், பதிமூன்றாகவும் இருக்கலாம். அப்போது ஆவடிப் பக்கம் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தேன். கீழே மருந்துக்கடை, மேலே பிரசவ வார்டு. ஆறு கட்டில். பகலுக்கு ஒரு நர்ஸ், அது நான். ஒரு ஆயாம்மா, பாக்கியம். டாக்டரம்மா வேறு இரண்டு இடத்துக்கும் போய் வருவார், தேவைப்பட்டால் போன் பண்ண வேண்டும். ஆறு கட்டிலுக்கு ஒரு நர்ஸ் போதும் என்று முடிவு செய்தவன் யாரென்று தெரியாது. ஆறு பேரும் ஒரே நேரத்தில் கத்தும்போது அவனை நடுவில் நிறுத்தவேண்டும் என்று ஆசை இருந்தது. இன்னும் இருக்கிறது.

நாங்கள் திட்டுவோம். அதில் மறைக்க ஒன்றுமில்லை. வலியில் கத்துகிற பெண்ணிடம் என்னவெல்லாம் கேட்பார்கள் என்று பிள்ளை பெற்ற யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அதையெல்லாம் கத்தியவர்களிடம் நானும் கேட்டிருக்கிறேன். எனக்கு வேலை சொல்லிக்கொடுத்தவர்கள் அப்படித்தான் பேசினார்கள். கத்தினால் களைத்துவிடுவாள், கடைசியில் முக்கத் தெம்பு இருக்காது என்று காரணமும் வைத்திருந்தார்கள். இப்போது இதற்கு வகுப்பு நடத்துகிறார்கள். போன வருஷம் இப்போது வேலை பார்க்கிற ஆஸ்பத்திரியிலிருந்து என்னையும் அனுப்பினார்கள். பிரசவத்துக்கு வந்தவளிடம் மரியாதையாகப் பேசுவது எப்படி என்று ஒருத்தர் திரையில் படம் காட்டினார். பிரசவ வார்டுக்குள் ஒரு நாள்கூட நின்றிருக்க மாட்டார். ஆனால் அவர் சொன்னது சரி. அதுதான் எரிச்சல். சமோசா மட்டும் நன்றாக இருந்தது.

அமுலு வந்தது ஒரு கோடைக் காலையில். வெள்ளானூர்க்காரி, இருபது வயது, முதல் பிரசவம். அப்பா அம்மா வயல் வேலைக்குப் போனவர்கள், புருஷன் அம்பத்தூரில் ஏதோ கம்பெனியில் கான்ட்ராக்ட் ஆள். சரியான வாயாடி. ஒரு வலிக்கும் அடுத்த வலிக்கும் நடுவில், “இன்னா சிஸ்டரு, இன்னும் கண்ணாலம் கட்டலியா? கட்டாத. என்னப் பாத்துக்கோ” என்றாள். பக்கத்துக் கட்டில்காரி வலியோடு சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. இன்னொரு சத்தம் வந்தால் வெளியே அனுப்பிவிடுவேன் என்றேன். வாயை மூடிக்கொண்டாள்.

அன்றைக்கு ஆஸ்பத்திரியில் சொட்டுத் தண்ணீர் கிடையாது. கருவிகளைக் கொதிக்கவைக்கக்கூட இல்லை. யாரைப் பார்த்தாலும், “தண்ணி வந்துச்சா?” இதே கேள்விதான். அமுலுவின் கட்டில் ஜன்னல் ஓரம். படுத்தபடியே ரோடு தெரியும். லாரி வந்தால் சொல்லு என்று அவளிடம் சொன்னவளே நான்தான்.

பத்தே முக்காலுக்கு முதல் கட்டில்காரிக்குக் குழந்தையின் தலை தெரிந்துவிட்டது. நான் அங்கே குனிந்திருக்கிறேன். முதுகுக்குப் பின்னால் அமுலுவின் குரல்.

“சிஸ்டரு, தண்ணி வந்துட்ச்சு.”

கத்தவில்லை. லாரியைப் பார்த்தால் எப்படிச் சொல்வாளோ அப்படித்தான் சொன்னாள்.

“வந்தா புடிச்சுக்குவாங்க. நீ படு” என்றேன்.

படுத்துக்கொண்டாள். எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. முதல் குழந்தை பிறந்து, தொப்புள்கொடி வெட்டி, நஞ்சுக்கொடி விழுந்து, ரத்தப்போக்கு நிற்கும்வரை வயிற்றை அழுத்திவிட்டு, பாக்கியத்திடம் தண்ணீர் எடுத்துவரச் சொன்னேன். ஏது தண்ணி, லாரி எங்கே வந்தது என்று கேட்டாள் பாக்கியம்.

திரும்பிப் பார்த்தேன். அமுலுவின் விரிப்பு முழுக்க நனைந்திருந்தது. ஈரம் பச்சையாக இருந்தது.

பனிக்குடம் உடைந்தால் உடனே நீரின் நிறத்தைப் பார்க்கவேண்டும், குழந்தையின் இதயத் துடிப்பைக் கேட்கவேண்டும். பச்சை என்றால் குழந்தை உள்ளேயே மலம் கழித்துவிட்டது, திணறுகிறதோ என்று பயப்படவேண்டும். முக்கால் மணி நேரம் நான் பார்க்கவுமில்லை, கேட்கவுமில்லை. கேட்டபோது துடிப்பு இறங்கியிருந்தது.

போன் பண்ணியதும் டாக்டரம்மா ஓடிவந்து குழந்தையை எடுத்தார். பெண். அழவில்லை. சளியை உறிஞ்சி, முதுகைத் தேய்த்து, காற்று கொடுத்து, அதற்கப்புறம்தான் மெல்ல ஒரு சத்தம் வந்தது. வேறு ஆஸ்பத்திரிக்கு ஆம்புலன்ஸில் அனுப்பினோம். தண்ணி எப்போ போச்சு என்று டாக்டரம்மா கேட்டார். “இப்பதான் டாக்டர்” என்றேன். கேஸ் ஷீட்டில் பதினொன்றரை என்று எழுதினேன். பள்ளிக்கூடத்தில் கையெழுத்துக்குப் பரிசு வாங்கியவள் நான். அழகாகத்தான் எழுதினேன்.

மூன்றாம் நாள் அமுலுவுக்குப் பால் கட்டி மார்பு கல்லாகிவிட்டது. பிள்ளை வேறு இடத்தில் இருக்கிறது, குடிக்க வாய் இல்லை. துணியைச் சுடுநீரில் பிழிந்து ஒற்றி, கையாலேயே பாலைப் பீய்ச்சி, கொதிக்கவைத்த டம்ளரில் எடுத்துக்கொடுத்தேன். அவள் புருஷன் அதை வாங்கிக்கொண்டு வண்டியில் பறந்தான். மறுநாளும் அப்படித்தான். அப்போது, அவள் முகத்தைப் பார்க்காமல், தண்ணீர் போனதை ஏன் இரண்டாம் தடவை சொல்லவில்லை என்று கேட்டேன்.

“சொன்னனே. நீதான புடிச்சுக்குவாங்கன்னே. கொயந்தையத்தான் சொல்றேன்னு கம்முனு படுத்துகினேன்.” டம்ளரைக் கை மாற்றிப் பிடித்தாள். “அன்னிக்கு நீ திட்டாம பேசுனது அது ஒண்ணுதான் சிஸ்டரு.”

நான் சொன்னது லாரித் தண்ணீரை என்று அப்போதே சொல்லியிருக்கவேண்டும். டம்ளர் நிறைஞ்சிடுச்சு, ஆடாமப் புடி என்றுதான் சொன்னேன்.

இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. நான் உடனே திரும்பியிருந்தால் குழந்தை அழுதுகொண்டே பிறந்திருக்குமா? அல்லது ஆஸ்பத்திரிக்கு வருவதற்கு முன்பே உள்ளே ஏதாவது நடந்திருந்ததா? உறுதியாகச் சொல்லமுடியாது என்றார் டாக்டரம்மா, அதுவும் நான் சொன்ன பொய் நேரத்தை நம்பிக்கொண்டு. சில நாள் என் தப்பே இல்லை என்று தோன்றும். அன்று சாயங்காலமே எல்லாம் என் தப்பு என்று தோன்றும். குற்றம் லாரி மேலா, அந்த வார்த்தை மேலா, காலையில் நான் மிரட்டியதன் மேலா, ஒரு நர்ஸ் போதும் என்றவன் மேலா? ஒவ்வொன்றாகத் திட்டிப் பார்க்கிறேன். எதைத் திட்டினாலும் ஆறவில்லை.

எட்டாம் நாள் குழந்தை வீட்டுக்கு வந்தது. தடுப்பூசிக்கு எங்களிடம்தான் கொண்டுவருவாள். நான் அதன் கண்ணுக்கு முன்னால் விரலை ஆட்டுவேன், சொடக்குப் போடுவேன். கழுத்து நிற்க ஐந்து மாதத்துக்கு மேலாகிவிட்டது. “எங்க ஊட்ல எல்லாமே சோம்பேறி சிஸ்டரு, இது மட்டும் எப்டி இருக்கும்?” என்றாள் அமுலு. ஒன்பதாம் மாத ஊசிக்கு வந்தபோது பிடித்துக்கொண்டால்தான் உட்கார்ந்தது. என் தம்பியும் லேட்டாகத்தான் உட்கார்ந்தானாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதற்கப்புறம் அமுலு வரவில்லை. அடுத்த வருஷம் ஆஸ்பத்திரியை மூடிவிட்டார்கள். கேஸ் ஷீட்டெல்லாம் பழைய பேப்பர் கடைக்குப் போயின. கிடைத்தாலும் அதில் என் பொய்தான் இருக்கும்.

அந்தத் தோசைக்குப் பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமை ஷேர் ஆட்டோ பிடித்து வெள்ளானூர் போனேன். அமுலு அப்போது அடையாளம் சொல்லியிருந்த லைன் வீடுகள் இல்லை. தரைமட்டமாக்கி மனை போட்டிருந்தார்கள். எதிரில் ஒரு டீக்கடை. கடைக்காரருக்கு அவளைத் தெரிந்திருந்தது.

“அமுலுவா? காலி பண்ணிகினு போய் மூணு வருசம் ஆவுது. எங்கன்னு தெர்ல.”

பிள்ளைகள் எப்படி இருக்கிறார்கள் என்று கேட்டேன்.

“ரெண்டு பொண்ணு. ஒண்ணு இஸ்கூலுக்குப் போவும். ஒண்ணு ஊட்லயே கெடக்கும்.”

“வீட்ல இருக்கறது பெரியவளா, சின்னவளா?”

“ரெண்டும் ஒரே ஒசரம்மா. எனக்கு இன்னா தெரியும்?” என்று டீயை ஆற்றினார். பிறகு என்னை ஒரு பார்வை பார்த்தார். “நீ யாரு அவங்களுக்கு?”

“சிஸ்டர்” என்றேன்.

“கூடப் பொறந்தவளா? அப்ப ஒனக்குத்தானம்மா தெரியணும்.”

எதிர்ப்பக்கம் பார்த்தேன். எது அவள் வீடு என்று காட்ட அங்கே ஒரு சுவர்கூட மிச்சமில்லை.