நாமினி: அக்காவிடம் நான் சொன்ன பொய்

அக்காவை நான் ஏமாற்றினேன். ஒரு சொல்லின் பொருளைத் தெரிந்தே மாற்றிச் சொன்னேன். அக்காவின் இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உறவினர்கள் முதலில் இதை அறிய வேண்டும்.

அக்கா இண்டூரில் பிறந்தவர். அவரை ஐந்தாம் வகுப்போடு நிறுத்திவிட்டு, என்னை ஆசிரியர் பயிற்சி வரை படிக்க வைத்தார்கள். காரிமங்கலத்தில் வாழ்க்கைப்பட்டு, இளம் வயதிலேயே கணவரை இழந்து, பட்டுப்புழு வளர்த்து ஒரே மகளை ஆளாக்கினார். மருந்து அட்டையானாலும் பஸ் டிக்கெட்டானாலும் எழுத்துக்கூட்டிப் படிப்பார். புரியாத சொல்லை எதிரில் இருப்பவரிடம் கேட்காமல் விடமாட்டார்.

அப்பா இறந்தபோது, அவருடைய வங்கி வைப்புத்தொகைக்கு நாமினியாக என் பெயர் இருந்தது. பாதி கிடைத்தால் மகளை நர்சிங் சேர்க்கலாம் என்று அக்கா நம்பியிருந்தார்.

“நாமினின்னா என்னா தம்பி?”

“யார் பேரு இருக்குதோ அவங்களுக்குத்தான் பணம், அக்கா.”

“அப்படியா? எங்க ரேஷன் கார்டுல மொதப் பேரு மாமியாருது. அரிசி பூரா அவங்களே திங்கணுமா?”

நான் சிரித்து மழுப்பினேன். நாமினி என்பவர் பணத்தைப் பெற்றுக்கொள்பவர் மட்டுமே. அதை வாரிசுகளுக்குச் சேர்க்கக் கடமைப்பட்டவர். எனக்கு அது தெரியும். அந்தப் பணத்தில் மாடி கட்டினேன். அக்கா மகள் ஓசூருக்குக் கம்பெனி வேலைக்குப் போனாள்.

பல ஆண்டுகள் கழித்து, தன் பெயரில் கணக்குத் தொடங்கப் போன அக்கா, படிவத்தில் அதே சொல்லைப் பார்த்து அதிகாரியிடம் கேட்டாராம்: “நாமினின்னா வாங்கறவங்களா சார், வெச்சிக்கறவங்களா?” அன்றே எனக்குப் போன் செய்தார்.

“வாங்கறவங்க மட்டுந்தானாம் தம்பி. நாம ரெண்டு பேருமே தப்பா நெனச்சிட்டு இருந்திருக்கோம் பாரு.”

‘நாம’ என்றாரே, அதில் நான் ஒளிந்துகொண்டேன். “அப்படியா அக்கா?” என்றேன்.

சென்ற ஆண்டு அவர் தருமபுரி மருத்துவமனையில் இருந்தபோதுதான் உண்மையைச் சொல்லி, அவர் பங்கை வட்டியோடு நீட்டினேன். “எங்கிட்ட எதுக்கு? படிப்பு போனது அவளுக்கு. அவகிட்ட உன் வாயால சொல்லிக் குடு,” என்றார். பத்தாம் நாள் காலமானார்.

ஓசூர் சென்று சொன்னேன். மகள் பணத்தை வாங்கிக்கொண்டாள். “சொந்தக்காரங்க எல்லாம் உங்கள நல்லவருன்னு நெனச்சிட்டு இருக்காங்க. அம்மா மலர்ல இத எழுதுங்க,” என்றாள். மாமா என்று அழைக்கவில்லை.

அக்காவின் கடைசி நாட்களில் உடனிருந்த அவளுக்கும், மாற்றி மாற்றிச் சோறு கொண்டுவந்த காரிமங்கலத்து அண்டை வீட்டாருக்கும் என் நன்றி.

அச்சுக்குக் கொடுக்குமுன் இதுவரை எழுதியதை அவளுக்கு அனுப்பினேன். மூன்று நாள் கழித்துப் பதில் வந்தது: “படிச்சேன், மாமா.”